யாரும் சீந்தாத இசைத்தட்டு

யாரும் சீந்தாததைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, நீங்கள் ஏன் சீந்தவில்லை என்று உங்கள் மேலேயே பாய்கிற ஓர் இனம் உண்டு. நீங்கள் தப்பித்திருக்க வழியில்லை. அந்த இனத்தில் பொறுக்கியெடுத்த ரகம் நம் உறுமல் சார். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பது அவருக்குப் பிழைப்பு. "சின்ன எழுத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு, இங்க வந்து அழுதா எப்படி?" என்று கேட்டே, நொண்டி நொண்டி வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்பியவர்.

அவருக்கு இந்த உலகத்திடம் வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கோ நாலு பேர் கூடி, அடித்தொண்டையில் உறுமியே பாடுகிற டெத் மெட்டல் ரகத்தில் ஒரே ஓர் ஆல்பம் போட்டு, அது விற்காமல் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அது மகத்தான படைப்பு என்று தன்னைத் தவிர இன்னும் ஓர் ஆளாவது ஒப்புக்கொள்ள வேண்டும். இது என்ன பெரிய ஆசையா? பதினோரு வருஷமாக, லிஃப்டில் மாட்டியவரிடம், தன் பல்லைப் பிடுங்கிய டாக்டரிடம், வீடு பார்க்க வந்த தரகரிடம், துக்கம் கேட்கப் போன இடத்தில் துக்கத்தில் இருந்தவரிடம்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டார். அகப்பட்டவரை வீட்டுக்கு இழுத்து வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, ஜன்னலைச் சாத்தி, கையைக் கழுவித் துடைத்து, இசைத்தட்டை இரண்டே விரலால் எடுத்து வைத்து, முள்ளை இறக்கி, "பேசாதீங்க. அந்த நிதானத்தை மட்டும் கவனிங்க. மத்தவனெல்லாம் தலைதெறிக்க ஓடுறான், இவங்க நடக்குறாங்க" என்பார். உறுமல் ஆரம்பிக்கும். முப்பத்தெட்டு நிமிஷம். முடிந்ததும் வந்தவர் தண்ணீர் கேட்பார். அப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டார்.

"ஞானசூன்யங்கள்" என்பார் சார், மனைவியைப் பார்த்து.

ஒருநாள் மனைவியின் தம்பி வந்தான்.

"மாமா, நீங்க சொன்ன ஆல்பத்தை போன்ல தேடிப் பிடிச்சுக் கேட்டேன். பிரமாதம். நாலு தடவை கேட்டுட்டேன்."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை. மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வேகம் இருக்கே மாமா, மூச்சு விட முடியலை. இருபத்தெட்டு நிமிஷம் போனதே தெரியலை."

பிடித்த கையை விட்டார். "வேகமா? எவனோ கெடுத்துப் போட்டிருக்கான். அது முப்பத்தெட்டு நிமிஷம்."

அதற்குள் மனைவி தட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நடுவில் இருந்த சின்ன எழுத்தைப் படித்துவிட்டாள். "என்னங்க, நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துன்னு போட்டிருக்கு. நீங்க எப்பவும் முப்பத்துமூணுலதானே வைப்பீங்க?"

"பெரிய தட்டுன்னா முப்பத்துமூணுதான். இதையெல்லாமா படிச்சுப் பார்ப்பாங்க?"

மச்சினன் சிரித்திருந்தால்கூடச் சார் சமாளித்திருப்பார். அவன் சிரிக்கவில்லை. "பரவாயில்ல மாமா, இப்ப சரியா வைங்க. சேர்ந்து கேட்போம்" என்றான்.

பதினோரு வருஷமாகக் கேட்ட வரம், எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் போதும்.

"போட்டவங்களுக்கே தெரியலடா, அவங்க தட்டு எப்படி ஓடணும்னு" என்றார் சார். "வேகமா ஓட்டினா அது நூத்தோட நூத்தொண்ணு. உன் காதுக்கு அதுதான் சரி. போய் போன்லயே கேட்டுக்கோ."

அவன் போய்விட்டான். மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து, சார் நாற்பத்தைந்தில் வைத்துக் கேட்டார். நன்றாகவே இருந்தது. முதல் பாட்டிலேயே கால் தானாகத் தாளம் போட்டது. ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலை நிறுத்தி, முப்பத்துமூன்றுக்கே திருப்பினார். இப்போது அவரிடம் மாட்டினால், அந்த ஆல்பத்தின் பெருமையோடு, அதைப் போட்ட நாலு பேரின் அறியாமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நீங்களும் ஒன்றை வைத்துக்கொண்டு, யாரையாவது உட்கார வைத்து, "இதை ஒருத்தருமே சரியாப் புரிஞ்சுக்கலை" என்று ஆரம்பிப்பீர்களே, அதன் நடுவிலும் சின்ன எழுத்தில் ஏதோ போட்டிருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது ஒருமுறை படித்துப் பாருங்கள்.