‘சிட்டு’வுக்கு ஒரு கேம்

“கைக்கு அடக்கமா நல்லாத்தானுங்க இருக்குது. மெமரிதான் பத்த மாட்டேங்குதுங்க” என்றார் போனில் கோயம்புத்தூர்க்காரர்.

“சரி பண்ணிடறோம் சார்” என்றான் அருள்முருகன். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ‘சிட்டு’ என்ற கையடக்க கேம் கன்சோலைத் தயாரிக்கும் கம்பெனி அது. அதற்கு கேம் எழுதித் தருகிற, இந்தக் கோயம்புத்தூர்க்காரர் உட்பட நான்கு பேரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கேம் இல்லாத கன்சோலை யார் வாங்குவார்கள்? தீபாவளிக்கு முன்னால் சென்னையிலிருந்து விநியோகஸ்தர் வருகிறார். ஒரு கேமாவது ஓடிக் காட்டினால் ஆர்டர். இல்லாவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. கல்யாணமான கையோடு, மனைவி கலைவாணியுடன் இருக்க வேண்டும் என்று பெங்களூர் வேலையை உதறிவிட்டு ஊருக்கு வந்தவன் அருள்முருகன். பூட்டு விழுந்தால் மறுபடியும் பெங்களூர், மறுபடியும் வாரக் கடைசி பஸ்.

முதலாளி தொமினிக் பாரிசில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவர். தன் கன்சோலை யாராவது குறை சொன்னால் மனிதருக்குப் பொறுக்காது. உடனே ஸ்குரூ டிரைவரைத் தூக்கிவிடுவார்.

“மெமரிதானே? வுவாலா, இதோ பாரு! டபுளாக்கிட்டேன்!”

புதுப் பெட்டி நான்கு பேருக்கும் கூரியரில் போனது. அடுத்த போன் மதுரையிலிருந்து.

“சார், சார்ஜ் அரை மணி நேரம்கூட நிக்கல. வில்லனைப் பாக்குறதுக்குள்ள ஆஃப் ஆயிருது.”

தொமினிக் கரண்டைக் குறைவாகக் குடிக்கும் வேறு சிப்பை மாட்டினார். சார்ஜ் நின்றது. ஆனால் பழைய சிப்புக்கு எழுதிய எதுவும் புதியதில் ஓடவில்லை.

“மறுபடியும் மொதல்ல இருந்து எழுதோணுங்களா?” என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

“ஆமா சார்.”

“நல்லா இருங்க தம்பி” என்று வாழ்த்திவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

“சிப்பை மாத்தினா இருக்கறவங்களும் ஓடிடுவாங்க சார்!” அருள்முருகன் பதறினான்.

“பழசும் ஓடணும், புதுசும் ஓடணும். அவ்ளோதானே? ரெண்டு சிப்பையும் வெச்சுடுவோம்!”

வைத்தார். சிட்டு கொதித்தது.

“இதை வச்சு விளையாடவா, சட்டைக்கு இஸ்திரி போடவா?” என்று கேட்டுவிட்டு மதுரைக்காரரும் கழன்றுகொண்டார்.

சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு குட்டி ஃபேன் ஏறியது. திருச்சிக்காரர் எழுதிக்கொண்டிருந்தது பாட்டுக்கேற்ப பட்டனை அழுத்தும் கேம்.

“பாட்டே கேக்கல சார். ஃபேன்தான் கேக்குது.”

“ரெண்டு சத்தம் இருக்கறதாலதானே குழப்பம்?” என்ற தொமினிக், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு திருச்சிக்காரர் போனையே எடுக்கவில்லை.

மிச்சமிருந்தது அரியாங்குப்பம் செந்தமிழ்ச்செல்வி மட்டும்தான். தங்கமான பெண். ஒவ்வொரு முறை கூரியர் போனதும் அவளிடமிருந்து ஒரே மெசேஜ்தான் வரும்: “பெட்டி வந்துடுச்சு சார். ஒரு பிரச்சினையும் இல்ல.”

“இதான்யா டெவலப்பர்!” தொமினிக் உருகினார்.

“கேம் எந்த அளவுல இருக்குன்னு கேக்கட்டுமா சார்?”

“குறையே சொல்லாத பொண்ணுகிட்டப் போய் நச்சரிக்காத. அவளும் ஓடிடப் போறா!”

விநியோகஸ்தர் வருவதற்கு முதல் நாள், ஜரிகை போட்ட பொன்னாடையும் ஸ்வீட் பாக்ஸுமாக இருவரும் கேமை வாங்கி வர ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போனார்கள். வாசலிலேயே தொமினிக் செந்தமிழ்ச்செல்விக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். அருள்முருகன் போட்டோ எடுத்தான். அக்கம்பக்கத்தார் விஷயம் தெரியாமலே கை தட்டினார்கள்.

“சார், நான் இன்னும்...” என்று ஆரம்பித்தாள் அவள்.

“பாத்தியா அருள், என்ன அடக்கம்!” அவர் அவளைப் பேசவிட்டால்தானே? “எல்லாரும் மெமரி, சூடு, சத்தம்னு ஆயிரம் நொட்டை சொன்னாங்க. நீ ஒருத்திதாம்மா எங்கள நம்பின. மெர்சி, ரொம்ப நன்றி! உனக்காகச் சொல்றேன், இனிமே சிட்டுவுல ஒரு ஸ்குரூவைக்கூட மாத்த மாட்டேன். இது சத்தியம்.”

அருள்முருகனுக்குக் கண் கலங்கியது. ‘வேலை பொழச்சுது’ என்று கலைவாணிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான்.

காபித் தட்டுடன் வந்த செந்தமிழ்ச்செல்வியின் அம்மா செல்வாம்பாளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“அப்ப அனுப்பினதுல கடைசியா வந்ததுதான் முடிவுங்களா, தம்பி? நல்லதாப் போச்சு. ‘அவங்க மாத்தி முடிக்கட்டும்மா, அப்புறமா ஆரம்பிக்கிறேன்’னு வந்த பெட்டி ஒண்ணையும் இவ பிரிக்கக்கூட இல்ல. இன்னிக்கு நல்ல நாளுதான், பிரிச்சுடச் சொல்லட்டுமா?”