மைத்துனருக்கு ஒரு மக்காச்சோள விளக்கம்

மண்ணூர்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மைத்துனர் டென்னிஸ் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கிளாராவின் கணவன் கிறிஸ்துதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். தாங்களும் மெர்சியும் பச்சைக்குழந்தையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நாலு முறை போன் செய்தும் தாங்கள் எடுக்காததால் தபால்காரரை நம்பியிருக்கிறேன்.

போன ஞாயிறு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி என்னை அழைக்க வந்தீர்கள். வந்தவர் என்மேல் சாராய வாடை அடிக்கிறதென்று அழைப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஈஸ்டரோடு குடியை விட்டவன் நான். அது மக்காச்சோளத்தால் வந்த வாடை.

தங்கள் அக்காள் மகன் ஜெபர்சன் ஒரகடத்து மாத்திரைக் கம்பெனியில் செய்யும் வேலை என்ன என்று தாங்கள் கேட்டதே இல்லை. மக்காச்சோளத்தில் ஸீயின் என்று ஒரு புரதம் இருக்கிறது, அதைக் கரைத்து மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளவென்று மேல்பூச்சு பூசுகிறார்கள், ஈரம் அண்டாது, ஒரு காலத்தில் அதிலேயே நூல் நூற்றுத் துணி நெய்தார்களாம், பட்டன்கூடச் செய்தார்களாம், ஆனால் வெறும் தண்ணீரில் அது கரையாது, ஆல்கஹால் ஊற்றினால்தான் கரையும். ஏன் என்று கேட்டேன். "அதோட கொணம் அப்டிப்பா" என்றான். அந்தக் குணமுள்ள மனிதர்கள் சிலரை எனக்கும் தெரியும். அன்று என் சட்டைகள் காயாததால் அவனுடைய யூனிபார்மைப் போட்டிருந்தேன், வாடை அதில் வந்தது. நடை தள்ளாடியதற்குக் காரணம் அவனுடைய சேஃப்டி ஷூ, எனக்கு இரண்டு சைஸ் பெரிது. உரக்கப் பாடியது ஞானஸ்நானப் பாட்டுக்கு ஒத்திகை.

இருபது வருஷத்தில் இந்தக் குடும்பத்தில் யாரும் என்னை எதற்கும் நிற்கச் சொன்னதில்லை. முதல் தடவையாகக் கேட்டீர்கள். மனது கஷ்டமாக இருக்கிறது.

மெர்சிக்கு என் அன்பு. குழந்தைக்கு நெற்றியில் ஒரு சிலுவை.

இப்படிக்கு,
கிறிஸ்துதாஸ்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கிளாரா இதைப் படித்துவிட்டாள். "இன்னாய்யா எழுதி வச்சிகீறே? யூனிபார்ம கம்பெனிலயே வாங்கிக்கினு அவுங்களே தொவைக்கிறாங்கோ. வூட்டுக்கு எங்க வந்துச்சு? என் தம்பிக்கு மூக்கு இல்லியா?" என்றாள்.

டென்னிஸ், அன்று நான் குடித்திருந்தேன். நீ எதற்கு வருகிறாய் என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். இந்த நாலு நாளாகத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலேயே, போலீஸுக்கு ஊதுகிற மாதிரி, உன் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டுகிறேன். அப்புறம் குழந்தையை என் கையில் கொடு.