தனியாக ஊதத் தகுதிச் சான்று

கிளாரினெட்காரர் இருபத்திரண்டு வருஷமாக ஒலிப்பதிவுக் கூடங்களில் ஊதிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கையைத் தூக்கினால் ஊதுவார், இறக்கினால் நிறுத்துவார். அவர் ஊதிய பாட்டுகளைக் கேட்டுத்தான் நாட்டில் பாதிப் பேர் காதலித்தார்கள். மீதிப் பேர் அதே பாட்டுகளைக் கேட்டு அழுதார்கள். இசைத்தட்டின் உறையில் பாடியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்கும், உறையை அச்சடித்த அச்சகத்தின் பெயர்கூட இருக்கும். ஊதியவர் பெயர் மட்டும் இருக்காது. அதற்காக அவர் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. சண்டைக்கு நேரம் ஏது, அடுத்த கூடத்தில் இரண்டு மணிக்கு இன்னொரு பதிவு இருக்கும்.

ஆனால் அவருக்கென்று ஒரு மெட்டு இருந்தது. பதிவுக்கும் பதிவுக்கும் நடுவே, நடைகூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் துண்டு துண்டாகச் சேர்த்தது. மொத்தம் பதினொரு நிமிஷம். வீட்டில் குளியலறைக்குள் போய், கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு ஊதிப் பார்ப்பார். ஏழாவது நிமிஷம் மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டிவிடுவார். அதனால் அதை முழுசாக யாரும் கேட்டதில்லை.

"ஏங்க, அந்தக் கடைசி நாலு நிமிஷத்தை நான் என்னிக்குத்தாங்க கேக்கிறது?" என்றாள் மனைவி ஒருநாள்.

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே நகர மன்றத்துக்குப் போய் மேடை கேட்டார். மேடை காலியாகத்தான் இருந்தது. ஆனால் தனியாக ஊதுவதற்குக் கலைஞர் வகைப்பாட்டு அலுவலகத்தின் தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள்.

அந்த அலுவலகத்தில் மூன்று சன்னல்கள். 'இசை - தனி', 'இசை - கூட்டு', 'இசை - இதர'. முதல் சன்னலில் ஒரு எழுத்தரம்மா தாள்களைக் குத்திக் கோத்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மத்தவங்க பாட்டுக்கு ஊதிட்டிருந்தேம்மா."

"அப்போ நீங்க பக்கவாத்தியம். பக்கத்து சன்னல்ல விடுவிப்புச் சான்று வாங்கிட்டு வாங்க."

பக்கத்துச் சன்னல்காரர் ஒரு தடித்த பதிவேட்டை முழுசாகப் புரட்டினார்.

"உங்க பேரே இதுல இல்லையே சார். சேராதவரை எப்படி விடுவிக்கிறது?"

"அப்போ நான் பக்கவாத்தியம் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"இல்லாததை இல்லைன்னு எழுத எங்களுக்கு அதிகாரம் இல்லை. முதல்ல சேருங்க, அப்புறம் விலகுங்க."

செவ்வாய்க்கிழமை சேர்ந்தார். புதன்கிழமை விலகல் கடிதம் கொடுத்தார். விலகலுக்கு ஆறு மாத முன்னறிவிப்பு வேண்டுமாம். அந்த ஆறு மாதமும் தனியாக ஊதுவதில்லை என்று உறுதிமொழியும் எழுதி வாங்கினார்கள். கிளாரினெட்காரர் நேர்மையானவர். வீட்டுக் குளியலறை இதில் அடங்குமா என்று கேட்டார்.

சன்னல்காரர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். "கூட ஒருத்தர் இருந்தாப் பரவாயில்லை" என்றார்.

அந்த ஆறு மாதத்தில் மச்சினன் களத்தில் இறங்கினான். மனைவியின் தம்பி; பிம்ப ஆலோசனைதான் தொழில். அதாவது, இருக்கிற ஆளை இல்லாத ஆளாகக் காட்டுவது. இந்த வருஷம் தனிக்கலைஞர்கள் எல்லாரும் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், யாரையும் பார்க்காமல் மேடை ஏற வேண்டும் என்றான்.

"யாரையும் பாக்காம எப்படிடா ஏறுறது? தடுக்கி விழுந்துடுவேன்."

"விழுங்க மாமா, இன்னும் நல்லது. சரி, உங்களுக்குள்ள என்ன வலி இருக்கு?"

"முட்டியில இருக்கு."

"அது இல்ல மாமா. சின்ன வயசுல ஒரு காயம், ஒரு துயரம். இப்போ அது இல்லாம யாரையும் கேக்கிறதில்லை. உங்கப்பா குடிப்பாரா?"

"காபி குடிப்பார்."

மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து, 'தந்தையின் கோப்பைக்கு அஞ்சி வளர்ந்த இசை' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தான். கிளாரினெட்காரரின் அப்பா அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு இரண்டு நாள் காபியைத் தொடவில்லை. மகன் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆறு மாதம் முடிந்து தேர்வு வந்தது. நிபுணர் குழுவில் மூன்று பேர். ஒருவர் வனத்துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். இன்னொருவர் சிற்பத்துக்குப் பரிசு வாங்கியவர். இசை தெரிந்த மூன்றாமவர் அன்று விடுப்பு. ஊதுகிறவரின் தரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அரசு ஒரு 'தரநிர்ணய ஒலிப்பதிவு' வைத்திருந்தது. அதை ஓடவிட்டார்கள். ஊரெல்லாம் கேட்ட ஒரு காதல் பாட்டின் நடுவில் வரும் கிளாரினெட். பதினெட்டு வருஷத்துக்கு முன், ஜலதோஷத்தோடு போய் அவரே ஊதியது.

அதையே ஊதச் சொன்னார்கள். ஊதினார். இப்போது ஜலதோஷம் இல்லாததால் அன்றைவிட நன்றாகவே வந்தது.

"பரவாயில்லை. ஆனா மூலத்துல ஒரு அடைப்பு மாதிரி, ஒரு தவிப்பு இருக்கு. உங்ககிட்ட அது இல்லை" என்றார் சிற்பி.

"ஐயா, அதையும் நான்தான் ஊதினேன்."

வனத்துறைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆதாரம்?"

"என் காதுதான்."

"உறையில பேர் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்போ, அடுத்தவர் வாசிச்சதை உங்களுதுன்னு சொல்றீங்க. இதைக் குறிப்புல ஏத்தணும்."

சிற்பி இரக்கக் குணமுள்ளவர். குறிப்பில் ஏற்றாமல், தற்காலிகச் சான்று கொடுக்கச் செய்தார். ஒரே நிபந்தனைதான்: விண்ணப்பதாரர் தம் நிகழ்ச்சியில் ஓர் உருப்படியையாவது மேற்படி மூலத்துக்கு ஒத்த வகையில் வாசித்துக் காட்ட வேண்டும்.

நிகழ்ச்சியன்று மன்றம் நிறைந்திருந்தது. வாசலில் ஒட்டியிருந்த தந்தையின் கோப்பையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வந்த கூட்டம். கறுப்பு அங்கியோடும் வெறுங்காலோடும் ஏறியவர் தடுக்கி விழவில்லை. மச்சினனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். முன்வரிசையில் மனைவி கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் தன் மெட்டை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக எதிரே கண்ணாடி இல்லை. மூன்றாம் நிமிஷம் பின்வரிசையில் ஒருவர் இருமினார். ஐந்தாம் நிமிஷம் ஒருவர் கைப்பேசியை எடுத்தார், பிறகு எல்லாரும் எடுத்தார்கள். ஏழாம் நிமிஷம் அவர் மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது, முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிட்டார்கள்.

"தெரிஞ்ச பாட்டு ஊதுங்க சார்!" என்று ஒரு குரல் கேட்டது.

மன்றமே ஆமாம் போட்டது. நிபந்தனையைக் கண்காணிக்க வந்திருந்த அதிகாரியும் கடிகாரத்தைக் காட்டினார். மூலத்துக்கு ஒத்து வருகிறதா என்று உடனுக்குடன் சரிபார்க்கத் தரநிர்ணய ஒலிப்பதிவையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளில் சேர்த்து ஓடவிடச் சொன்னார். விட்டார்கள். சுவர் அதிர்ந்தது. கூட்டம் எழுந்து நின்று கூடப் பாடியது. சிலர் அழுதார்கள்.

கிளாரினெட்காரர் கருவியை வாயில் வைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். யாரும் தன்னைக் கேட்கவில்லை என்று புரிந்தது. புரிந்ததும் ஒரு தைரியம் வந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், கண்ணை மூடிக்கொண்டு, தன் மெட்டின் கடைசி நாலு நிமிஷத்தை ஊதி முடித்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்று வீட்டுக்குத் திரும்பும்போது மனைவியிடம் கேட்டார்.

"அந்த ரெண்டாவது பாட்டு இருக்கே, அடேயப்பா! ரெக்கார்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பத்து நாளில் நிரந்தரச் சான்று வந்தது. ஊர் ஊராக அழைத்தார்கள். எல்லா மேடையிலும் ஒலிப்பதிவு ஓடும். எல்லா மேடையிலும் அதற்கடியில் அவர் தன்னுடையதை ஊதுவார். உறையில், சுவரில், வரவேற்பு வளைவில், எங்கும் அவர் பெயர்.

மூன்றாம் வருஷம் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் ரசிகர் ஒருவர் மேடைக்குப் பின்னால் தேடி வந்தார். ஒரு நிகழ்ச்சியையும் தவறவிடாமல் வருகிறவர். கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"ஐயா, உங்க வாசிப்புக்கு ஈடே இல்லை. ஒரே ஒரு குறை, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிக்கும்போது அடியில என்னமோ கொய்ங்குனு ஒரு சத்தம் வருது. எல்லா ஊர்லயும் வருது. உங்க மைக்கை ஆள் விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

அடுத்த நிகழ்ச்சியில் ஆள் விட்டுப் பார்த்தார்கள். மைக்கை அணைத்ததும் சத்தம் நின்றுவிட்டது.