கேமராவுக்கு வைத்த பொட்டு

இலவசமாகக் கிடைப்பதை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் மனவலிமை எனக்குக் கிடையாது. ஜவுளிக்கடையில் கட்டைப்பை இலவசம் என்றால் இன்னொன்று கேட்பேன். சொட்டு மருந்து முகாமில், போட்ட பிள்ளைக்கே இன்னொரு தடவை போட்டால் என்ன என்று நர்ஸம்மாவிடம் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று நல்லது என்றால் மூன்று இன்னும் நல்லதுதானே? இந்தக் கணக்கு கறிவேப்பிலைக்குச் சரிவரும். கம்ப்யூட்டருக்குச் சரிவராது. அதை நான் கற்றுக்கொண்ட நாளில் என் நாத்தனாரின் கல்யாணமே நின்றுபோயிருக்க வேண்டியது.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பேத்தியின் படிப்புக்காக என்று மாமனார் வாங்கியது. பேத்தி யாழினி அப்போது யு.கே.ஜி. அவளுடைய படிப்பு என்பது திரையில் வரும் யானைக்கு வண்ணம் அடிப்பது. ஒருநாள் அவள் யானையின் காதை ஊதா நிறமாக்கிக்கொண்டிருந்தபோது யானை மறைந்து திரை முழுக்கச் சிவப்பானது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உங்களை யாரோ கண்காணிக்கிறார்கள்!' என்று ஆங்கிலத்தில் எழுத்துகள் மின்னின.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன். (தீப்பிடித்தால் செய்ய வேண்டியதை வைரஸுக்குச் செய்தேன்.) தெருவில் நின்றபடியே கணவருக்கு போன் போட்டேன். அவருக்கு அரியலூரில் சிமென்ட் ஆலையில் வேலை. பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.

"அது சும்மா விளம்பரம் தேவி. மூடிட்டு வேலையப் பாரு."

"நம்மள யாரோ பாக்குறாங்கன்னு போட்டிருக்குங்க!"

"நம்மள பாத்து என்ன பண்ணப் போறான்? நான் பனியனோட உக்காந்து பழையசோறு சாப்புடுறதப் பாப்பான். பாத்துட்டுப் போறான் வுடு."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதான்."

"கம்ப்யூட்டரோடவே ஒரு ஆன்டிவைரஸ் வந்துருக்கு. அது போதும். வேற எதையும் ஏத்தி வச்சிடாத. சொல்லிட்டேன்."

கூடவே வந்தது எப்படிப் போதும்? கூடவே வந்ததற்கு என்ன மதிப்பு இருக்கிறது? நான் எம்.எஸ்சி. தாவரவியல். எதையும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டதில்லை. (ஆராய்ந்த பிறகும் ஏற்றுக்கொண்டதில்லை. அது வேறு வியாதி.) யாழினி பள்ளிக்குப் போனதும் உட்கார்ந்து 'வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சிறந்த இலவச ஆன்டிவைரஸ்' என்று தேடினேன்.

முதல் அதிர்ச்சி, எல்லாமே சிறந்தவையாக இருந்தன. ஒரு தளம் முதலிடம் கொடுத்ததை இன்னொரு தளம் 'அதை உடனே தூக்கி எறியுங்கள்' என்றது. இரண்டாவது அதிர்ச்சி, வைரஸ் வேறாம், ஸ்பைவேர் வேறாம். ஒன்று நோய், மற்றொன்று ஒட்டுக்கேட்பவன். நோய்க்கு வைத்தியரும் ஒட்டுக்கேட்பவனுக்கு போலீஸும் தனித்தனியாக வேண்டுமாம். அடுத்து, பதிவிறக்கலாம் என்று போனால் ஒரே பக்கத்தில் பச்சைப் பொத்தான்கள் வரிசையாக நின்றன. நிஜப் பொத்தான் ஏதோ ஓரத்தில் சின்னதாக ஒளிந்திருக்க, நான் நம்பிக்கையோடு பெரியதை அழுத்தி, கேட்காத ஒரு வானிலை அறிவிப்பையும் ஒரு சீட்டாட்டத்தையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டேன். ஒரு கருவியோ இலவசமாகத் தேடிப் பார்த்துவிட்டு, 'ஆபத்துகள் கிடைத்தன. நீக்குவதற்குப் பணம் கட்டவும்' என்றது. வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது என்று காட்டுவது இலவசம், பிடிப்பதற்குக் கட்டணம்.

ஒருவழியாக நல்லதாக ஒரு ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுத்தேன். ராத்திரி படுத்ததும் அது சரியில்லையோ என்று தோன்றியது. மறுநாள் இரண்டாவதை ஏற்றினேன். ஒட்டுக்கேட்பவன் நினைவு வந்து ஸ்பைவேர் நீக்கும் கருவி ஒன்றையும் ஏற்றினேன். கேமராவையும் காவல் காப்பேன் என்று அது வாக்குக் கொடுத்திருந்தது. ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் மூன்று ராஜாக்களின் படைகளைக் காவலுக்கு விட்டால் எதிரி வரும்வரை அவை சும்மாவா இருக்கும்? முதலாவது இரண்டாவதைச் சந்தேகப்பட்டது. இரண்டாவது மூன்றாவதைப் பிடித்து அடைத்தது. மூன்றாவது என்னையே சந்தேகப்பட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குக்கர் வைத்தால், சாதம் வெந்து இறக்கிய பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் என் பயம் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கம்ப்யூட்டரின் மேல் இருந்த கேமரா என்னையே முறைப்பதுபோல் இருந்தது. நெற்றியில் இருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் கண்ணில் ஒட்டிவிட்டேன். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். பொட்டை மறந்தும் போனேன்.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் சௌமியாவுக்குக் கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது.

இதற்கு முன்பு வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்து, எல்லாம் பேசி, கேசரியை வாயில் வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. 'சகுனம் சரியில்லைங்க' என்று கேசரியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் வீட்டில் தும்முவதற்குக்கூட மாமனார் அனுமதிப்பதில்லை. கல்லங்குறிச்சிக்காரர்கள் சகுனம் பார்ப்பதில் அவர்களையும் மிஞ்சியவர்கள் என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை இளவரசனுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் தாய்மாமனும் நேரில் வருவது, மாப்பிள்ளை வீடியோ காலில் பெண்ணைப் பார்ப்பது என்று ஏற்பாடு. போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் என் கணவர். மாமனார் ஒப்பவில்லை.

"தீப்பெட்டி சைசுல தெரியும்டா. எம் பொண்ண அப்புடியா காட்டுறது? நம்ம வூட்டுல இம்மாம் பெரிய கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு?"

அதோடு நிற்காமல் மார்கழிப் பாட்டு போடும் பெரிய ஸ்பீக்கரையும் அதில் மாட்டிவிட்டார்.

பெண் பார்க்க வரும் நாளன்று காலை சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது சௌமியா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, போட்டோ பாத்தேன். எனக்குப் புடிச்சிருக்கு. யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன் போ."

"இதுவும் போச்சுன்னா இன்னொரு தடவ தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க என்னால முடியாது அண்ணி. நெசமாத்தான் சொல்றேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என் கையில்தான் இருந்தது, அவள் கையில் இல்லை.

சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு, சிரிக்காமல் உட்கார்ந்தார். தாய்மாமன் வாசல் நிலை, சாமி அலமாரி, எங்கள் வீட்டுப் பல்லி என்று ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். பல்லி நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தது. நான்தான் கம்ப்யூட்டர் முன்னால். வீடியோ கால் போட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, கடைசியில் மாப்பிள்ளை முகம் தெரிந்தது. நல்ல முகம். சிரித்த முகம். எல்லோரும் ஒரு நொடி மலர்ந்தோம்.

அடுத்த நொடி அந்த முகத்தின் மேல் ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. மூக்கிலிருந்து தாடைவரை மறைந்து, கண் மட்டும் வெளியே தெரிய, முகமூடிக் கொள்ளைக்காரன்போல் ஆனார் மாப்பிள்ளை.

"என்னம்மா அது? என்னமோ எழுதியிருக்கே?" என்றார் தாய்மாமன்.

"ஒண்ணுமில்லைங்க..."

"நீதான் படிச்ச புள்ளையாச்சே. தமிழ்ல சொல்லு, கேப்போம்."

பெரியவர்கள் படி என்றால் படிக்கிற வளர்ப்பு என்னுடையது. படித்தேன். "'முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டைப் பார்க்க முயல்கிறார்'னு போட்டிருக்குங்க."

"யாரு, நம்ம இளவரசனையா சொல்லுது?"

"அப்புறம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

"'இவரை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைக்கிறோம்.'"

(அந்த வரியை விட்டுவிட்டிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது யாரும் சொல்லவில்லை.)

இரண்டாவது ஆன்டிவைரஸுக்குப் பொறுக்கவில்லை போலும். மார்கழி ஸ்பீக்கரில் ஊய்ய்ங் என்று சங்கொலி கிளம்பியது. அதற்கு மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி "ஆபத்து, ஆபத்து" என்று அவர் பாஷையில் முழங்கினார். சாமி அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அதுவரை அடக்கமாக இருந்த பல்லி ஓடியே போய்விட்டது. மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

யாழினி என் முந்தானையை இழுத்தாள். "அம்மா, அந்த மாமாதான் வைரஸா?"

சங்கொலி நின்றிருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

பெட்டியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று உள்ளே விடும் 'அலவ்', மற்றது தடுத்துவிடும் 'பிளாக்'. பல நாளாக எது வந்தாலும் பிளாக்கை அழுத்தியே பழகிய விரல். அழுத்திவிட்டது. மாப்பிள்ளை போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் பெரிய பச்சை டிக் ஒன்று வந்தது.

தாய்மாமன் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இப்ப என்ன சொல்லுது?" என்று மெதுவாகக் கேட்டார் தாய்மாமன்.

"'ஆபத்து நீங்கியது'ங்குதுங்க" என்றேன். "'உங்கள் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறது.'"

சமையலறை வாசலில் சௌமியா தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் காப்பி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மாப்பிள்ளை அம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா, என்னைய வேணாம்னுட்டாங்களா?"

என் கணவர் எழுந்து வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். (அந்தப் பார்வையைத் தமிழில் சொல்ல முடியாது.) மூன்று காவல்காரர்களையும் ஒவ்வொருவராக அடக்கிவிட்டு மறுபடி கால் போட்டார். முகம் வந்தது. பெட்டி வரவில்லை. உயிர் வந்தது.

"தெரியுதாப்பா?" என்றார் தாய்மாமன்.

"ஒண்ணும் தெரியல மாமா. ஒரே மெரூன் கலரா இருக்கு. செவுத்தப் பாத்து வச்சிருக்கீங்களா?"

அப்போதுதான் எனக்குப் பொட்டு நினைவு வந்தது. நான் எழுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். கேமராவை உற்றுப் பார்த்தார். நகத்தால் கிள்ளி எடுத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டார்.

"இது யாரு வச்சது?"

யாரும் நம்மைப் பார்க்கக் கூடாதென்று வைத்தேன் என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? "நான்தாங்க" என்றேன்.

"என்னைக்கு வச்ச?"

"வெள்ளிக்கெழம காலைலங்க."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். அங்கேயும் அதே மெரூன். மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடா? வெள்ளிக்கெழமயானா கம்ப்யூட்டருக்குக்கூட பொட்டு வைக்கிற வூடு. என் மூத்த மருமவ ஆயுத பூசைக்கே மிக்சிக்குப் பொட்டு வைக்க மறந்துட்டா."

"அதெல்லாஞ் சரிக்கா. அந்தச் சத்தம்?"

"நல்ல காரியத்துக்குக் குறுக்க என்னமோ வந்துருக்கு. அதுவே கத்தி வெரட்டிருச்சு. ஆபத்து நீங்கிருச்சுன்னு இந்தப் பொண்ணு வாயாலயே வந்துச்சுல்ல? இதுக்கு மேல என்னடா சகுனம் வேணும்?" பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, "வாம்மா, எம்புள்ள எவ்ளோ நேரம் காத்துக் கெடப்பான்?" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நான் வாயைத் திறந்தேன். கணவர் என் காலை மிதித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக மறுயோசனை இல்லாமல் அவர் பேச்சைக் கேட்டேன்.

சௌமியா வந்து உட்கார்ந்தாள். பொட்டின் பசை கேமராவில் ஒட்டியிருந்ததால், மஸ்கட்டிலிருந்த மாப்பிள்ளைக்கு அவள் தலையைச் சுற்றி ஒரு மங்கலான வெளிச்ச வட்டம் தெரிந்ததாம். சாமி படத்தில் வருவதுபோல். "எனக்குப் புடிச்சிருக்கும்மா" என்றார். மார்கழி ஸ்பீக்கர் அதைத் தெருவுக்கே சொன்னது.

அடுத்த வாரம் கணவர் உட்கார்ந்து அந்த மூன்றையும், வானிலையையும், சீட்டாட்டத்தையும் கழற்றி எறிந்தார். இப்போது கம்ப்யூட்டரோடு வந்த காவல்காரன் மட்டும்தான் இருக்கிறான். வைரஸ் எதுவும் வரவில்லை. (வராமலா இருக்கும் என்று நான் இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.)

கல்யாணம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் நடந்தது. பொட்டு விஷயத்தைச் சௌமியா மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பழம், பூவோடு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டையும் கொண்டுவருகிறார். "கம்ப்யூட்டருக்கு" என்று கையில் கொடுப்பார். அதனால் நான் வெள்ளிக்கிழமைதோறும் கேமராவுக்குப் பொட்டு வைக்கிறேன். வீடியோ காலுக்கு முன்னால் எடுக்கிறேன். மறந்தால் எதிர்ப்பக்கத்தில் இளவரசனின் குரல் வரும்: "அக்கா, இன்னைக்கும் மெரூன்தான்."

லீவில் வந்தால் அவர் நேராக வீட்டுக்குள் வருவதில்லை. கேட்டுக்கு வெளியே பையோடு நின்று, கைக்குட்டையால் மூக்கிலிருந்து தாடைவரை மறைத்துக்கொண்டு, "அக்கா, அலவ்வா பிளாக்கா?" என்று கேட்பார். நான் கை கழுவிவிட்டு வாசலுக்கு வருவதற்குள் யாழினி உள்ளேயிருந்து கத்திவிடுவாள்.

"பிளாக்!"