ஜெயிலுக்குப் பின்னால் ஓடும் ஆறு

வகுப்பறையின் பெரிய தொடுதிரையில் விரிந்த மேப்பில், பள்ளிக்கூடம் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜெயில்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

புவியியல் வாத்தியார் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். இன்றைய பாடத்தைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த வருஷத்தோடு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எல்லாம் வீட்டுக்காரி பார்த்த வேலை! மேப்பில் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு; அதைப் போட்டுத்தான் இந்தத் திரையிலும் மேப்பைத் திறந்திருந்தார். போகிற வருகிற இடத்துக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துச் சேமித்திருக்கிறாள். நேற்று மதிய ஒத்திகையில் வாத்தியார் மலைப்பக்கம் மட்டும்தான் மேப்பை உருட்டிப் பார்த்தார். ஊர்ப்பக்கம் இப்படிப் பல்லிளிக்கும் என்று யார் கண்டது?

“சார், நம்ம ஸ்கூலை ஏன் சார் ஜெயில்னு போட்டிருக்கு?” என்றாள் முன்பெஞ்சு வாயாடி.

“அது… பழைய மேப்மா. இப்ப ஆறு எங்க போகுதுன்னு பார்ப்போம்.”

ஜெயிலைத் திரையை விட்டுத் தள்ள நினைத்து மேப்பைச் சுருக்கினார். சுருக்கியதும் ஊரே உள்ளே வந்தது. கல்வி அலுவலகத்தின் மேல் ‘எமலோகம்’. ஐஸ்கிரீம் கடையின் மேல் ‘தலைவலி’. பாலம் தாண்டி ஒரு வீட்டின் மேல், ‘நாத்தனார் – உஷார்!’

பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய அக்கா வீடு. அடிப்பாவி, எங்க அக்கா உனக்கு என்னடி பண்ணினா என்று மனசுக்குள் பொருமினார்.

“சார், நாத்தனார்னா மேடா, பள்ளமா சார்?”

“எரிமலைடா!” என்றான் இன்னொருவன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையின் முகம் சிவந்துவிட்டது.

அழித்துத் தொலைக்கலாம் என்று வாத்தியார் ‘தலைவலி’யின் மேல் விரலை அழுத்தினார். அவசரத்தில் வேறு எதையோ தொட்டுவிட்டார். மேப்பு வாயைத் திறந்தது.

“ஜெயிலிலிருந்து தலைவலிக்கு, பத்து நிமிடம். வழக்கமாக நீங்கள் மதியம் செல்லும் பாதை. இப்போது நெரிசல் இல்லை.”

சத்தத்தைக் குறைக்கப் போனவர் கூட்டிவிட்டார். “புறப்படலாமா?” என்று அது பக்கத்து வகுப்புக்கும் கேட்கிற மாதிரி கத்தியது. பிள்ளைகள் ஒரே குரலில், “புறப்படலாம்!” என்றார்கள்.

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். முடிந்தது கதை! போகிற வேலை போகட்டும், பெண்டாட்டி பெயராவது கெடாமல் இருக்கட்டும் என்று வாத்தியார் துணிந்தார்.

“மேடம், தப்பு என்னோடதுதான். இந்தப் பேரெல்லாம் நான் வெச்சது.”

“நீங்களா?”

“நானேதான் மேடம். மேப்புல ஊர் மட்டும் இருந்தா பிள்ளைங்களுக்குப் போரடிக்கும். மனுஷங்களும் இருந்தா மனசுல நிக்கும்னுதான்…”

“நிச்சயமா நீங்கதானே?”

“சத்தியமா மேடம்.”

“பிள்ளைங்களா, கேட்டுக்கிட்டீங்களா? எல்லாம் சார் வெச்ச பேரு!” என்றார் தலைமையாசிரியை. “பிரமாதம் சார்! இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பேப்பரை இப்படிக் கொடுங்க.”

நின்றபடியே கையெழுத்துப் போட்டார். “முதல்ல அந்த மேப்பை அணைச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

வாத்தியார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்பாடா! நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. வீட்டுக்காரியின் குறும்பு இன்றைக்கு வேலையையே வாங்கிக் கொடுத்துவிட்டதே! பாவம், அவளைத் திட்டக்கூடாது. சாயங்காலம் அந்தத் ‘தலைவலி’க்கே கூட்டிப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும்.

அலுவலக ஆயாம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சார், நேத்து மதியமும் தலைவலின்னு வெளியே போன மேடம், சாயங்காலம் வந்து இந்த மேப்பைப் பழகிப் பார்க்கிறேன்னு உங்க கணக்கை மூடிட்டு அவங்க கணக்கைப் போட்டாங்களாம், எடுக்க மறந்துட்டாங்களாம். சீக்கிரம் எடுத்துடுவீங்களாம், அவங்க நாத்தனார் ஸ்கூலைச் சுத்திப் பார்க்க வந்துட்டாங்க!”