தங்கள் காரின் இடது பக்கக் கதவு குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும், தங்கள் பெரிய மகன் வீட்டில் புதிதாகப் பிறந்திருக்கும் குட்டியும் நலம் என்று நம்புகிறேன். தங்கள் காரும் நலம். பெரும்பகுதி நலம். மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஊருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ரெண்டு தடவை ஓட்டுங்க சம்பந்தி, பேட்டரி இறங்கிடும்" என்று சொன்னீர்கள். வேறெதுவும் செய்யச் சொல்லவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் நாளே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இடது பக்க முன்கதவுக்குள்ளிருந்து 'டொக்' என்றது. அடுத்த வேகத்தடையில் 'டொக் டொக்'. பக்கத்தில் இருந்த என் மனைவி, "நாமதான் உடைச்சோம்னு நினைப்பாரு. பொண்ணு கொடுத்த இடம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். முப்பத்திரண்டு வருடம் நில அளவையாளராக வேலை பார்த்து, அடுத்தவர் எல்லைக்கல்லைத் தொடாதவன் நான். தங்கள் கதவைத் தொட்டுவிட்டேன்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். "நாலு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார். தங்கள் கார் முன்பின் தெரியாத இடத்தில் நாலு நாள் தங்குவதா? மனசு வரவில்லை. செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "கதவோட உள்பக்கம் இருக்கிற இந்த பிளாஸ்டிக் பலகைய லேசா நெம்பினா போதும், தானா வந்துடும்" என்றார். நெம்பினேன். வந்தது என் கட்டைவிரல் நகம்தான். அவர் கையில் அதற்கென்றே ஒரு தட்டைக் கருவி இருந்தது. என்னிடம் இருந்தவை ஷூ போட உதவும் கரண்டியும், சமையலறை மரக்கரண்டியும். மரக்கரண்டி இரண்டாக உடைந்தது. அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சை எழுதினால் இந்தத் தாள் போதாது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் டீ கிளாஸோடு மதில் மேல் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகக் கை நமநமத்துக் கிடக்கும் மனிதர். "விலகுங்க. இது கடைவாய்ப் பல்லு மாதிரி. இழுக்கக் கூடாது, ஆட்டணும்" என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டார். கதவைத் தட்டிப் பார்த்தார். "வலிக்காது" என்று அதனிடம் சொன்னார். பிறகு ஓரத்தில் ஒரு திருகு திருகினார் பாருங்கள், பலகையைப் பிடித்திருந்த முதல் கிளிப் பறந்து அவர் டீயிலேயே விழுந்தது. இரண்டாவது என் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. மூன்றாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். சுற்றிலும் கழன்றுவிட்டது, நடுவில் மட்டும் பலகை அசைய மறுத்தது. "வேர் ஆழமா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து இழுப்போம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தோம். வாசலிலிருந்து என் மனைவி, "கைப்பிடிக் குழிக்குள்ள சின்னதா ஒரு மூடி இருக்கே, அதுக்குள்ள ஸ்குரூ இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டு முடிக்கவில்லை, படார்!

ஸ்குரூ இருந்தது சம்பந்தி. இப்போதும் இருக்கிறது, பலகையின் ஒரு துண்டோடு. என் நெஞ்சின் மேல் பலகை, டாக்டரின் மேல் நான், பூந்தொட்டிகளின் மேல் டாக்டர். அந்த நிலையிலும் அவர், "வேரோட வந்துடுச்சு" என்று திருப்தியாகச் சொன்னார்.

எழுந்து கதவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் காசு போல் தட்டையாக ஒரு புதினா மிட்டாய், உறைகூடப் பிரிக்காமல். அதுதான் 'டொக்'. அதைச் சுற்றிலும் பிரித்த மிட்டாய்த் தாள்கள். டாக்டர் எண்ணினார்: நாற்பத்தொன்று. கண்ணாடி இறங்கும் சந்து வழியாக யாரோ ஒவ்வொன்றாக உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

யாரோ என்றுதான் எழுதுகிறேன். ஆனால் போன மாதம் எங்கள் வீட்டில் நான் டீக்கு இரண்டாவது கரண்டி சர்க்கரை போட்டபோது தாங்கள் முக்கால் மணி நேரம் அறிவுரை சொன்னது நினைவிருக்கும். "சர்க்கரைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது" என்றீர்கள். சம்பந்தியம்மாள் பெருமையோடு தலையாட்டினார்கள். பேச்சுவார்த்தைதான் கிடையாது, கதவு வழியாகப் போக்குவரத்து உண்டு என்று இப்போது தெரிகிறது. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். டாக்டர் சிரித்தார். கரண்டியை மறந்து என் மனைவியும் சிரித்தாள். கல்யாணத்திலிருந்து இன்றுவரை தங்கள் போன் வந்தால்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பேன், அவ்வளவு பயம். இனி பனியனோடே எடுக்கலாம் போலிருக்கிறது. நம்மைப் போல ஒரு மனிதர்தானே என்று தங்கள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

பலகையைத் திரும்ப மாட்டிவிட்டோம். கழன்ற கிளிப் பதினான்கு, கிடைத்தது ஒன்பது. மீதி இடங்களில் டாக்டர் பல்லை அடைக்கும் சிமென்ட் வைத்திருக்கிறார். "ஒரு நாள் இந்தப் பக்கமா எதையும் கடிக்க வேண்டாம்" என்றும் சொன்னார், பழக்கதோஷம். கதவு வெளியிலிருந்து பிரமாதமாகத் திறக்கிறது. உள்ளிருந்து திறக்க, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியை இழுக்க வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும்.

ஆகவே ஓர் உடன்பாடு. கதவைப் பற்றித் தாங்கள் மூச்சு விட வேண்டாம், தாள்களைப் பற்றி நான் மூச்சு விட மாட்டேன். சம்பந்தியம்மாளுக்கு என் மூலமாகத் தெரியவே தெரியாது. நேற்று என் மகள் போனில், "என்னப்பா, குரல் குஷியா இருக்கு?" என்றாள். "வயசாச்சும்மா" என்று சமாளித்துவிட்டேன்.

குட்டிக்கு எங்கள் இருவரின் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். தாங்கள் இனிப்பாக, மன்னிக்கவும், இனிதாக ஊர் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
இதுவரை பயத்தோடும் இனி நட்போடும் இருக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் என் மனைவி இதைப் படித்தாள். "அவங்க கார யாரு ஓட்டுவா?" என்று கேட்டாள். "சம்பந்திதான். வேற யாரையும் தொடவிட மாட்டாரே" என்றேன். "அப்ப இடது பக்கக் கதவோரம் உக்காந்து வர்றது யாரு?" என்றாள். மிட்டாய் தின்றது தாங்கள் அல்ல, தங்களுக்குத் தெரியாமல் தங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வருபவர். தங்களைப் பற்றி மேலே எழுதிய அத்தனைக்கும் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். சட்டையும் போட்டுக்கொண்டேன். வேறு தாளில் எழுத நேரமில்லை, கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். எனவே இந்தக் கடிதத்தைத் தாங்கள் படிக்காமலே கிழித்துவிடவும். சம்பந்தியம்மாள் பக்கத்தில் இருந்தால், கிழிக்கக்கூட வேண்டாம், விழுங்கிவிடவும்.