ஒரு சாண் தள்ளி

அன்று காலைதான் கைக்கு வந்த வாக்கிடாக்கியை வாட்ச்மேன் மணவாளன் இடுப்பின் வலது பக்கம் மாட்டிக்கொண்டார். அங்கேதான் பிடித்தது சனி.

"யோவ், இதென்ன சாவிக்கொத்தா? இடது பாக்கெட்டுல மாட்டு. அதான் கம்பெனி ரூலு" என்றார் சூப்பர்வைசர் ஹேமநாதன். சொன்னதோடு விட்டாரா? தன் கையாலேயே எடுத்து மணவாளனின் இடது மார்பில் மாட்டிவிட்டார்.

அந்தச் சட்டைக்குள்ளே, தோலுக்கு அடியில், தை மாதம் வைத்த பேஸ்மேக்கர் இருந்தது. "செல்போன், வாக்கிடாக்கி எதுவானாலும் இதுக்கு ஒரு சாண் தள்ளியே இருக்கணும்" என்று டாக்டர் கையை விரித்துக் காட்டியிருந்தார். கம்பெனிக்கு இது தெரியாது. தெரிந்தால், ஐம்பத்திரண்டு வயது நெஞ்சு நோயாளியைக் கேட்டில் நிறுத்திவைப்பார்களா? பாடி ஏரியாவில் இந்த வேலை போனால் வேறு எவன் கூப்பிடப் போகிறான்? மகள் ஷர்மிளா நர்சிங் இரண்டாம் வருஷம்தான் படிக்கிறாள்.

ஹேமநாதன் அந்தப் பக்கம் போனதும் மணவாளன் வாக்கிடாக்கி செட்டைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்தார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கியவர் மாதிரி இருந்தது.

"இன்னாய்யா கண்றாவி இது?" ஹேமநாதன் திரும்பி வந்துவிட்டார்.

"இடது பக்கம் கட்டி வந்துகீது சார். செட்டு இடிக்குது."

"எங்க, காட்டு."

காட்டினால் கட்டியா தெரியும்? ஆபரேஷன் தழும்பல்லவா தெரியும்!

"இப்பதான் சார் உடைஞ்சிச்சு" என்று மணவாளன் தானே பாக்கெட்டில் மாட்டிக்கொண்டார்.

நெஞ்சு படபடத்தது. பயமா, மெஷின் மக்கர் பண்ணுகிறதா என்று புரியாமல் இன்னும் படபடத்தது. செட்டில் யார் கூப்பிட்டாலும் பட்டனை அழுத்தப் பயந்து, ஆபீஸ் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்திப் பதில் சொன்னார். ஹேமநாதன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஒரு லாரி வெளியே போக வந்து நின்றது. சரக்கை எண்ணும் சாக்கில் செட்டைக் கழற்றி லாரியின் பின் பம்பர் மேல் வைத்தார். அப்பாடா! நிம்மதியாக எண்ணினார், நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார், நிம்மதியாகக் கேட்டைத் திறந்துவிட்டார். செட்டோடு லாரி பூந்தமல்லிக்குப் போய்விட்டது.

ஹேமநாதன் ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. நான் அனுப்புனா உனக்குத்தான் அசிங்கம்."

மணவாளனுக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைப் பொத்தானை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினார். "பேஸ்மேக்கர் வெச்சிகீது சார். அந்த செட்டு இதுக்கு ஆவாது. பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் வேலைய எடுத்துடாதீங்க சார்."

ஹேமநாதன் தழும்பையே பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. எழுந்து வெளியே போனார்.

தலையெழுத்து என்று மணவாளன் பேனாவைத் திறந்தார். ரூமைக் கூட்டிக்கொண்டிருந்த கமலம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து தாளை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"கிறுக்கா அண்ணாத்தே உனக்கு? அவரு உன்ன அனுப்ப மாட்டாரு."

"இன்னா சொல்றே கமலம்?"

"போன மாசம் அவரு இதே ரூம்ல மயங்கி உழுந்தப்ப ஆட்டோல இட்டுகினு போனவ நான்தானே! அவரு நெஞ்சுலயும் இதே மெஷினத்தான் வெச்சிகீறாங்க. அவருக்கு ஆவாதுன்னு டாக்டர் சொன்னதாலதான், தன் செட்டை உன் நெஞ்சுல மாட்டிவுட்டாரு."